ஆவிக்குரிய ஜீவியம் வாடாமல் இருக்க: வட சென்னை விசுவாசிகள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

தண்டையார்பேட்டையில் ஞாயிறு ஆராதனை முடிந்தபின் நடக்கும் வேதபாட வகுப்பைச் சில ஆண்டுகளாக நடத்தி வருகிறேன். நான் குருவானவன் அல்லன். சபையின் சாதாரண அங்கத்தினன். வகுப்பில் எல்லோர் முன்னிலையிலும் கேட்கப்பட்டவை சில, வகுப்பு முடிந்து செருப்பை மாட்டும்போது தாழ்ந்த குரலில் கேட்கப்பட்டவை பல. அந்தக் கேள்விகளையும், அவற்றுக்கு என் அறிவுக்கு எட்டிய விடைகளையும் இங்கே எழுதியிருக்கிறேன். வேத வசனங்கள் பெரும்பாலும் நம் சபைகளில் வாசிக்கப்படும் பழைய மொழிபெயர்ப்பிலிருந்து எடுக்கப்பட்டவை.

ஆவிக்குரிய ஜீவியம் என்று எதைச் சொல்கிறோம்? சபைக்குத் தவறாமல் போவதா?

சபைக்குப் போவது அதில் ஒரு பகுதி. நாம் ஆவிக்குரிய ஜீவியம் என்கிறோம்; கத்தோலிக்கச் சகோதரர்கள் ஆன்மீக வாழ்வு என்கிறார்கள். இரண்டும் குறிப்பது ஒன்றையே: கடவுளோடு ஒரு மனிதனுக்கு உள்ள உறவு உயிரோடு இருப்பது, அந்த உயிர் அவனுடைய பேச்சிலும் பணத்திலும் கோபத்திலும் தூக்கத்திலும் ஓடிக்கொண்டிருப்பது. "நானே திராட்சச்செடி, நீங்கள் கொடிகள்" என்று இயேசு சொன்னதில், கொடி தனியாக எதையும் உற்பத்தி செய்வதில்லை. செடியோடு ஒட்டியிருப்பதே அதன் வேலை.

நிறைவான ஆவிக்குரிய வாழ்க்கை என்றதும் பலருக்கு மூன்று நாள் உபவாசக் கூட்டமும், ஒலிபெருக்கியும், கண்ணீரும் நினைவுக்கு வருகின்றன. அவை விருந்து. விருந்தைக் குறை சொல்லமாட்டேன். ஆனால் வனாந்தரத்தில் இஸ்ரவேலரைப் பிழைக்கவைத்தது அன்றன்று பொறுக்கிய மன்னா. மறுநாளுக்கென்று எடுத்து வைத்தது பூச்சி பிடித்து நாறியது என்று யாத்திராகமம் 16 சொல்கிறது. கீழே வரும் பதில்கள் எல்லாம் இந்த அன்றாடப் படியைப் பற்றியவையே.

"உன் அறைவீட்டுக்குள் பிரவேசித்து, உன் கதவைப் பூட்டி" என்கிறது வசனம். ஒரே அறையில் ஆறு பேர் இருக்கிறோம். எந்தக் கதவைப் பூட்டுவது?

இந்தக் கேள்வியைக் கேட்டவர் சிரித்துக்கொண்டே கேட்டார். ஆனால் எங்கள் பகுதியில் இதைவிட உண்மையான கேள்வி வேறில்லை. வியாசர்பாடியிலும் கொருக்குப்பேட்டையிலும் வாரியக் குடியிருப்பின் ஒற்றை அறையில், தொலைக்காட்சிக்கும் குக்கர் விசிலுக்கும் படிக்கிற பிள்ளைக்கும் நடுவே, தனி அறை என்பது பணக்காரர் சொத்து.

மத்தேயு 6:6-இல் அறைவீடு என்று வரும் இடத்தில் உள்ள கிரேக்கச் சொல், தானியமும் தட்டுமுட்டுச் சாமானும் வைக்கும் உள்ளறையைக் குறிப்பது. அந்தக் காலத்து ஏழை வீடுகளில் கதவு வைத்த அறை பெரும்பாலும் அது ஒன்றுதான். ஜெபத்திற்கென்று அலங்கரித்த அறையை இயேசு கேட்கவில்லை. அரிசி மூட்டைக்குப் பக்கத்தில் நின்றால் போதும் என்றார். அவர் தடுத்தது, மனிதர் காணவேண்டும் என்று தெருமுனையில் நின்று செய்யும் ஜெபத்தை. ஆகவே பூட்டவேண்டிய முதல் கதவு, யாராவது நம்மைப் பார்த்து மெச்சுகிறார்களா என்று எட்டிப்பார்க்கும் கதவு.

நடைமுறையில் எங்கள் வீட்டில் கண்டதைச் சொல்கிறேன். என் தாயார் அடுப்படிச் சுவரோரம் உட்கார்ந்து முந்தானையை இழுத்து முக்காடு போட்டுக்கொண்டால், அம்மா உள்ளே போய்விட்டார் என்று எங்களுக்குப் பொருள். கால் மணி நேரம் யாரும் எதுவும் கேட்கமாட்டோம். உப்பு எங்கே என்றுகூடக் கேட்கமாட்டோம். அந்த முக்காடே அவருக்கு அறைவீடு. இதற்கு வீட்டாரின் ஒத்துழைப்பு வேண்டும்; ஒருமுறை வெளிப்படையாகச் சொல்லிவிட்டால் சிறுபிள்ளைகள்கூடப் பழகிக்கொள்வார்கள். மொட்டைமாடியும், நடுப்பகலில் திறந்திருக்கும் ஆலயமும் சிலருக்குக் கைகொடுக்கின்றன. பாரிமுனை அருகே ஆர்மேனியன் தெருவில் உள்ள புனித அந்தோணியார் திருத்தலத்திற்கு, செவ்வாய்க்கிழமைக் கூட்டம் இல்லாத நாளில் போய்ப் பத்து நிமிடம் சும்மா உட்கார்ந்துவிட்டுக் கடைக்குத் திரும்புகிறவர்களை நான் அறிவேன். அவர்களில் எல்லோரும் கத்தோலிக்கர் அல்லர்.

அதிகாலை ஜெபம் கட்டாயமா? நான் இரவு வேலைக்குப் போகிறேன்.

கட்டாயம் இல்லை. இயேசு "அதிகாலையில், இருட்டோடே எழுந்து" வனாந்தரமான இடத்திற்குப் போய் ஜெபித்தார் என்று மாற்கு 1:35 சொல்வதை வைத்து, நான்கு மணிக்கு எழாதவன் அரைக் கிறிஸ்தவன் என்பதுபோல் சிலர் பிரசங்கிக்கிறார்கள். அதே இயேசு மலையின்மேல் இரவு முழுவதும் ஜெபித்ததும் உண்டு, சாயங்காலத்தில் தனித்திருந்ததும் உண்டு. காசிமேட்டு மீன்பிடித் துறைமுகத்தில் நான்கு மணிக்கு ஏலக் கூச்சல் உச்சத்தில் இருக்கும். இரவெல்லாம் கடலில் கிடந்து கரை ஏறியவரிடமும், கூடையைத் தூக்கிக்கொண்டு ஏலத்துக்கு ஓடும் அம்மாவிடமும் அதிகாலை ஜெபத்தை வற்புறுத்துவது அறியாமை. மணலியிலும் எண்ணூரிலும் ஷிப்ட் முறையில் வேலை செய்கிறவர்களுக்கு வாரத்துக்கு வாரம் காலை எது, இரவு எது என்பதே மாறிவிடுகிறது.

மணியைப் பிடிக்காமல், நாளில் மாறாத ஒரு செயலைப் பிடித்துக்கொள்ளச் சொல்வேன். குளித்து முடித்தவுடன், அல்லது முதல் டீக்கு முன்னால், அல்லது வேலை முடிந்து வீட்டுக்குள் நுழையும் முன் படிக்கட்டில். ஷிப்ட் மாறினாலும் குளியல் மாறாது.

பயணத்தையும் சொல்லவேண்டும். சென்ட்ரலிலிருந்து கும்மிடிப்பூண்டி வண்டியில் வீடு திரும்பும் ஒருவர் தன் வழக்கத்தை வகுப்பில் சொன்னார். பேசின்பிரிட்ஜ் வரும்போது அன்றைய வேலையை நினைத்து நன்றி சொல்வார், கொருக்குப்பேட்டையில் அன்று யாரிடம் கடுமையாகப் பேசினார் என்று எண்ணிப்பார்த்து மன்னிப்புக் கேட்பார், தண்டையார்பேட்டையில் நோயாளிகளுக்காக, வ.உ.சி. நகரில் பிள்ளைகளுக்காக; திருவொற்றியூரில் இறங்கும்போது வீட்டுக்குள் என்ன முகத்தோடு போகப்போகிறோம் என்பதற்காக. கூட்டத்தில் தொங்கிக்கொண்டு போகிறவருக்குப் புத்தகம் விரிக்க இடமில்லை, கண்ணை மூடவும் முடியாது, பர்ஸ் போய்விடும். நிலையங்களின் வரிசையையே அவர் ஜெபப் புத்தகமாக்கிக்கொண்டார். இன்று நடந்ததை இரவுக்கு முன் திரும்பிப் பார்க்கும் இவ்வழக்கத்தைத் திருச்சபை பல நூற்றாண்டுகளாகக் கற்பித்து வந்திருக்கிறது என்பது அவருக்குத் தெரியாது. தெரியவேண்டிய அவசியமும் இல்லை.

வேதாகமத் தமிழ் எனக்குப் புரிவதில்லை. எளிய மொழிபெயர்ப்பை வாசித்தால் தவறா?

தவறே இல்லை. ஆனால் இந்தப் பழைய தமிழ் எங்கிருந்து வந்தது என்று தெரிந்துகொண்டால் அதன்மேல் உள்ள பயமும் போகும், குருட்டு பக்தியும் போகும். நமக்கு மிக அருகில், சென்னையிலேயே, பெரும்பகுதி வேப்பேரியில், ஃபப்ரிசியுஸ் என்ற ஜெர்மானிய மிஷனரி 1742 முதல் ஏறத்தாழ அரை நூற்றாண்டு வாழ்ந்தார். 1761-இல் பாண்டிச்சேரியில் பிரெஞ்சுக்காரரிடமிருந்து ஆங்கிலேயர் கைப்பற்றிய அச்சு இயந்திரம் வேப்பேரிக்கு வந்து சேர்ந்தது. அங்கேதான் அவருடைய புதிய ஏற்பாடு 1772-இல் அச்சானது. பழைய ஏற்பாட்டு மொழிபெயர்ப்பு அவர் இறந்தபின் 1796-இல் அச்சாகி முடிந்தது. இன்று புராட்டஸ்டண்ட் சபைகளில் பெரும்பாலோர் கையில் இருப்பது, ஹென்றி பவர் தலைமையிலான குழு அந்த அடித்தளத்தைத் திருத்தி 1871-இல் நிறைவுசெய்த மொழிபெயர்ப்பு. அதாவது, தங்கள் காலத்து மக்களுக்குப் புரியவேண்டும் என்று உழைத்தவர்களின் தமிழ் அது. அதை மட்டுமே வாசிக்கவேண்டும் என்று பிடிவாதம் பிடித்தால், அவர்களுடைய நோக்கத்துக்கே நாம் எதிராகப் போகிறோம்.

பழக்கத்தினால் மட்டும் வாசிப்பதில் ஓர் ஆபத்தும் உண்டு. "பரிதானம் வாங்காதிருப்பாயாக" என்று யாத்திராகமம் 23:8 சொல்கிறது. பரிதானம் என்றால் லஞ்சம் என்று வகுப்பில் சொன்ன அன்று, அரசு அலுவலகத்தில் வேலை செய்யும் ஒருவர் சற்று நேரம் தலை நிமிரவில்லை. அவர் பல ஆண்டுகளாக அந்த வசனத்தைக் கடந்து போயிருக்கிறார். அது அவரைத் தொடவில்லை, சொல் தெரியாததால்.

எனவே மனப்பாடத்துக்கும் ஆராதனைக்கும் பழையது, புரிந்துகொள்வதற்கு எளிய மொழிபெயர்ப்பு ஒன்று, என்று இரண்டையும் வைத்துக்கொள்ளலாம். கத்தோலிக்கர்களும் பிற சபையாரும் சேர்ந்து உருவாக்கிய பொது மொழிபெயர்ப்பும் 1995 முதல் கிடைக்கிறது. வாசிக்கத் தெரியாத பெரியவர்களுக்குத் தமிழ் ஒலிப்பதிவுகள் கைப்பேசியில் இலவசமாகக் கிடைக்கின்றன; அதைவிட நல்லது, பேரப்பிள்ளையை வாசிக்கச் சொல்லிக் கேட்பது. கேட்கிறவர், வாசிக்கிறவர் ஆகிய இருவருக்கும் அதில் லாபம்.

ஒரு நாளைக்கு எத்தனை அதிகாரம் வாசிக்கவேண்டும்?

நாம் பயன்படுத்தும் 66 புத்தகங்களில் 1189 அதிகாரங்கள் உள்ளன. நாளுக்கு மூன்று, சில நாள் நான்கு வாசித்தால் ஓராண்டில் முடியும். முடித்தவர்களை வாழ்த்துகிறேன். ஜனவரியில் தொடங்கி, லேவியராகமத்தில் மூச்சுத் திணறி, மார்ச்சில் குற்ற உணர்வோடு புத்தகத்தை மூடியவர்கள் அவர்களைவிட மிகுதி. அவர்களுக்கு ஒரு சுவிசேஷமும் ஒரு சங்கீதமும் போதும். பத்து வசனத்தை இரண்டு முறை வாசித்து, அதில் ஒரு சொல்லையாவது வேலைக்கு எடுத்துச் செல்வது, நான்கு அதிகாரத்தை ஓடிக் கடப்பதைவிட உடம்பில் ஒட்டும்.

தினமும் வாட்ஸ்அப்பில் வசனம் வருகிறது, யூடியூபில் பிரசங்கம் கேட்கிறேன், புத்தாண்டுக்கு வாக்குத்தத்த அட்டையும் வாங்குகிறேன். இது போதாதா?

டிசம்பர் 31 இரவு ஆராதனையில், வருஷத்துக்கென்று ஒரு வசனம் அச்சிட்ட வாக்குத்தத்த அட்டையை எடுக்கும்போது எனக்கும் இன்றுவரை நெஞ்சு படபடக்கும். அதை மறைக்க விரும்பவில்லை. அந்த அட்டை கதவைத் தட்டும் விரல் என்றால் நல்லது. அதுவே வீடு என்றால் சிக்கல். எரேமியா 29:11-ஐ எடுத்துக்கொள்ளுங்கள்: "அவைகள் தீமைக்கல்ல, சமாதானத்துக்கேதுவான நினைவுகளே." வடசென்னையில் இந்த வசனம் ஒட்டாத ஆட்டோ குறைவு. அதற்கு முந்தின வசனத்தைப் பலர் வாசித்ததே இல்லை. பாபிலோனில் எழுபது வருஷம் முடிந்த பின்னரே உங்களைத் திரும்பக் கொண்டுவருவேன் என்கிறது அது. சிறைபிடிக்கப்பட்டு அங்கே போனவர்களுக்கு எரேமியா எழுதிய கடிதம் இது. அதைப் பெற்றவர்களில் பெரும்பாலோர் அந்நிய மண்ணிலேயே இறந்திருப்பார்கள். அந்தப் பத்தாம் வசனத்தோடு சேர்த்து வாசிக்கும்போது, இந்த வருஷமே வீடு கிடைக்கும் என்ற சீட்டாக இல்லாமல், வீடு கிடைக்காத வருஷத்திலும் தாங்கி நிற்கும் நம்பிக்கையாக அது மாறுகிறது.

பிரசங்கங்களைப் பொறுத்தவரை, கேட்பதில் குறையில்லை, சமைத்துக்கொண்டே கேட்கலாம். ஆனால் திரையில் பேசுகிறவருக்கு உங்கள் பெயர் தெரியாது. நீங்கள் மூன்று வாரம் வராவிட்டால் தேடி வரமாட்டார். இன்னொன்று: வசனத்தை நூறு பேருக்கு அனுப்பினால் ஆசீர்வாதம், அனுப்பாவிட்டால் கேடு என்று வரும் செய்திகளைத் தயங்காமல் அழித்துவிடுங்கள்.

ஜெபிக்கும்போது மனம் எங்கெங்கோ ஓடுகிறது.

எல்லோருக்கும் ஓடும். ஓடுகிற இடத்தைக் கவனியுங்கள்: பெரும்பாலும் வட்டிக்கடை, பள்ளிக் கட்டணம், மருமகள் சொன்ன சொல். மனம் எங்கே ஓடுகிறதோ அதையே ஜெபமாக்கிவிட்டால் துரத்திப் பிடிக்கும் வேலை பாதி குறையும். சங்கீதங்களை வாய்விட்டு வாசித்து ஜெபிப்பதும், பரமண்டல ஜெபத்தை ஒவ்வொரு விண்ணப்பமாக நிறுத்தி நிறுத்திச் சொல்வதும், கத்தோலிக்கருக்கு ஜெபமாலையும் இதற்கென்றே உள்ள பிடிமானங்கள். எழுதி வைத்த ஜெபத்தில் ஆவி இல்லை என்பவர்கள், சங்கீதங்களும் எழுதி வைத்த ஜெபங்களே என்பதை மறந்துவிடுகிறார்கள்.

முன்பு ஜெபித்தால் கண்ணீர் வரும். இப்போது ஒன்றும் இல்லை, உள்ளே காய்ந்து கிடக்கிறது. கர்த்தர் என்னை விட்டுவிட்டாரா?

இல்லை. இதற்குச் சற்று விரிவாகப் பதில் சொல்கிறேன்; ஏனெனில் இதை அவிசுவாசம் என்று சொல்லி, ஏற்கெனவே வாடியவரை மேலும் வாட்டுகிற வழக்கம் நம் சபைகளில் இருக்கிறது.

முதலாவது, உணர்வு உறவு அல்ல. நெடுநாள் மணவாழ்க்கை நடத்தியவர்களுக்கு இது தெரியும். அன்னை தெரேசா பல பத்தாண்டுகள் உள்ளே வறட்சியோடும் இருளோடும் இருந்தார் என்பது அவருடைய கடிதங்கள் 2007-இல் வெளிவந்தபோது உலகுக்குத் தெரிந்தது. அத்தனை ஆண்டுகளும் அவர் விடியற்காலையில் ஜெபத்துக்குப் போய், பின் தெருவுக்குப் போய்க்கொண்டுதான் இருந்தார்.

இரண்டாவது, புலம்பவும் வேதத்தில் இடம் உண்டு. 150 சங்கீதங்களில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு புலம்பல்கள். 88-ஆம் சங்கீதம் ஓர் ஆறுதல் சொல்கூட இல்லாமல் முடிகிறது. அதையும் பரிசுத்த நூலில் சேர்த்து வைத்திருக்கிறார்கள். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணூர் கழிமுகத்தில் எண்ணெய் படர்ந்து, படகும் வலையும் கறுத்துப்போன வாரத்தில், துதிப் பாட்டு வாயில் வராத மீனவக் குடும்பங்களுக்கு விசுவாசம் குறைவு என்று யாராவது சொன்னால், அவர், துன்பப்பட்டவனையே குற்றம் சாட்டிய யோபின் சிநேகிதர்களோடு உட்காரவேண்டியவர். "எதுவரைக்கும் கர்த்தாவே" என்று கேட்பதும் ஜெபம்.

மூன்றாவது, உடம்பைப் பாருங்கள். எலியா தீர்க்கதரிசி சூரைச்செடியின்கீழ் படுத்து, போதும் கர்த்தாவே, என் ஆத்துமாவை எடுத்துக்கொள்ளும் என்றபோது, தேவதூதன் பிரசங்கம் செய்யவில்லை. "எழுந்திருந்து போஜனம்பண்ணு" என்றான். அப்பமும் தண்ணீரும் இருந்தன. எலியா தின்று மறுபடியும் படுத்துக்கொண்டான். தூதன் மறுபடியும் எழுப்பிச் சாப்பிடச் சொன்னான். இரண்டு தூக்கம், இரண்டு சாப்பாடு, அதன்பின்தான் ஓரேப் மலையும் கர்த்தருடைய மெல்லிய சத்தமும். இரண்டு வேலை பார்த்துவிட்டு ஐந்து மணி நேரம் தூங்குகிறவரின் வறட்சிக்கு முதல் மருந்து தூக்கமாக இருக்கக்கூடும்.

நான்காவது, வாரக்கணக்கில் தூக்கமும் பசியும் இல்லாமல், எதிலும் விருப்பம் இல்லாமல், சாகலாம் என்ற எண்ணம் வருமானால், அது மனச்சோர்வு நோயாக இருக்கலாம். சர்க்கரை நோய்க்கு மருத்துவரிடம் போவதுபோல் இதற்கும் போகவேண்டும். ஸ்டான்லி அரசு மருத்துவமனை நம் பகுதியிலேயே இருக்கிறது; கீழ்ப்பாக்கத்தில் அரசு மனநல மருத்துவமனை இருக்கிறது; இரவோ பகலோ 14416 என்ற டெலி-மானஸ் எண்ணில் கட்டணமின்றித் தமிழில் பேசலாம். மாத்திரையை நிறுத்து, ஜெபம் போதும் என்று சொல்லும் எந்த ஊழியக்காரரின் சொல்லையும் கேட்காதீர்கள். எங்கள் உறவில் ஒருவர் அப்படிக் கேட்டு நிறுத்தினார். அந்த வருஷத்தைப் பற்றி எங்கள் வீட்டில் இன்றும் யாரும் பேசுவதில்லை.

உபவாசம் எப்படி இருக்கவேண்டும்?

சர்க்கரை நோய்க்கு ஊசியோ மாத்திரையோ எடுப்பவர்கள், கர்ப்பிணிகள், பாலூட்டுகிறவர்கள் ஆகியோர் மருத்துவரைக் கேட்காமல் உணவை விடக்கூடாது. அவர்கள் தொலைக்காட்சியையோ கைப்பேசியையோ விடலாம். மற்றவர்கள் ஒருவேளையில் தொடங்கலாம். உயிர்த்தெழுந்த பண்டிகைக்கு முந்தின லெந்து நாட்களில் நாற்பது நாளும் மீன், இறைச்சி விடுவது எங்கள் தெருவில் பரவலான வழக்கம். அதில் மிச்சமாகும் பணம் எங்கே போகிறது என்று நான் கேட்பதுண்டு. கேட்டதும் பேச்சு மாறிவிடும். ஏசாயா 58-இல் கர்த்தர் கேட்கும் உபவாசம் "பசியுள்ளவனுக்கு உன் ஆகாரத்தைப் பகிர்ந்துகொடுக்கிறது". ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகள் கடலுக்குப் போகாத தடைக்காலத்தில் காசிமேட்டில் எத்தனை அடுப்புகள் குறைவாக எரிகின்றன என்பது நமக்குத் தெரியும். பல ஆண்டுகளில் உயிர்த்தெழுந்த பண்டிகை முடிந்த கையோடு அந்த நாட்கள் வந்துவிடுகின்றன. லெந்தில் சேர்த்ததை அங்கே கொண்டுபோய்க் கொடுக்கலாம், பெயர் சொல்லாமல்.

சபையில் தேர்தல், கோஷ்டி, வழக்கு. போகவே பிடிக்கவில்லை. வீட்டிலேயே ஆராதித்தால் போதாதா?

சில வாரம் வீட்டில் இருந்து மூச்சுவிட்டுக்கொள்வதை நான் பாவம் என்று சொல்லமாட்டேன். ஆனால் தனித்து எரியும் கட்டை சீக்கிரம் அணையும். நம் மனநிலை நன்றாக இருக்கும்போது மட்டும் தேவைப்படுகிற இடம் அல்ல சபை. நாம் ஜெபிக்க முடியாத நாளில் நமக்குப் பதிலாக யாரோ பாடிக்கொண்டிருக்கும் இடம் அது. எபிரெயர் 10:25 சபை கூடிவருதலை விட்டுவிடாதிருங்கள் என்று சொல்லும்போதே, சிலர் விட்டுவிடுகிறார்கள் என்றும் சொல்கிறது; முதல் நூற்றாண்டிலேயே ஆள் வராமல் போயிருக்கிறார்கள்.

ராயபுரத்தின் புனித இராயப்பர் ஆலயத்தை 1829-இல் எழுப்பியவர்கள் துறைமுகத்துப் படகோட்டிகள், தங்கள் உழைப்பின் பணத்தில். அலையில் படகு தள்ளியவர்களுக்குள் சண்டை இல்லாமலா இருந்திருக்கும்? ஆயினும் ஆலயம் நிற்கிறது.

யோசனை இதுதான்: கமிட்டி அரசியலிலிருந்து விலகி, சபைக்குள் மூன்று நான்கு பேரைப் பிடித்துக்கொள்ளுங்கள். வாரம் ஒருமுறை ஒருவர் வீட்டில் கூடி, ஒரு பகுதியை வாசித்து, ஒருவருக்கொருவர் ஜெபித்து, டீ குடித்துக் கலையுங்கள். அதே சமயம், குருவானவரோ மூப்பரோ பணத்திலோ, பெண்கள், பிள்ளைகளிடத்திலோ தவறு செய்கிறார் என்றால் அது வேறு காரியம். அங்கே பொறுமை புண்ணியம் ஆகாது. பேசவேண்டும், தேவையானால் காவல் நிலையத்துக்கும் போகவேண்டும், சபையையும் மாற்றலாம்.

சாதி பார்த்து வரன் தேடுவதும், சாதி பார்த்துத் தேர்தலில் வாக்களிப்பதும், திருவிருந்தில் ஒரே பாத்திரத்தில் பானம்பண்ணுவதும் ஒரே வாரத்தில் நடக்கின்றன. நம் ஆவிக்குரிய சுகவீனங்களில் இதுவே மிகப் பழையது என்பது என் எண்ணம்.

ஒரு தீர்க்கதரிசி என் பெயரைச் சொல்லி, இத்தனை ஆயிரம் காணிக்கையாக விதைத்தால் கடன் தீரும் என்றார். நம்பலாமா?

பணத்தைக் கொடுக்காதீர்கள். "தீர்க்கதரிசனங்களை அற்பமாயெண்ணாதிருங்கள். எல்லாவற்றையும் சோதித்துப்பார்த்து, நலமானதைப் பிடித்துக்கொள்ளுங்கள்" என்று பவுல் இரண்டையும் சேர்த்தே எழுதினார். சோதிக்க மூன்று கேள்விகள் போதும். அந்த வார்த்தை என்னைக் கிறிஸ்துவிடம் நடத்துகிறதா, அதைச் சொன்னவரிடமே திரும்பத் திரும்ப நடத்துகிறதா? வீட்டாரிடம் சொல்லாதே என்று தடுக்கிறதா? என் பயத்தை விலையாக்குகிறதா? தவணைக்காரன் வாசலில் நிற்கும் குடும்பத்தில் விதைப்புக் காணிக்கை கேட்பவரை என்னால் மென்மையாகச் சொல்ல முடியவில்லை. காணிக்கை மகிழ்ச்சியோடு கொடுப்பது. கடன் வாங்கிக் கொடுப்பது அல்ல.

ஒரே பாவத்தில் திரும்பத் திரும்ப விழுகிறேன்.

தனியாகப் போராடுவதை நிறுத்துங்கள். "நீங்கள் சொஸ்தமடையும்படிக்கு, உங்கள் குற்றங்களை ஒருவருக்கொருவர் அறிக்கையிட்டு" என்கிறது யாக்கோபு 5:16. கத்தோலிக்கருக்குக் குருவிடம் பாவத்தை அறிக்கையிடும் ஒப்புரவு அருட்சாதனம் இருக்கிறது. நாம் அதை விட்டதோடு அறிக்கையிடுவதையும் விட்டுவிட்டோம். வாயைக் காக்கத் தெரிந்த ஒரு மூத்த சகோதரரிடம், பெண்கள் ஒரு மூத்த சகோதரியிடம், பெயர் சொல்லி அதை அறிக்கையிட்டால் அதன் பாதி பலம் போய்விடும். குடியைப் பொறுத்தமட்டில் அது நோயும் கூட. பீடத்தருகே முழங்காற்படியிட்டு ஒப்புக்கொடுத்த பின்னும் மருத்துவ உதவி தேவைப்படும்; குடியை நிறுத்த விரும்புகிறவர்கள் ஒன்றுகூடி ஒருவரையொருவர் தாங்கும் ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் கூட்டங்கள் சென்னையில் நடக்கின்றன. போனால் கௌரவம் குறையும் என்பவரிடம், டாஸ்மாக் வாசலில் ஏற்கெனவே எல்லோரும் பார்த்துவிட்டார்கள் என்று சொல்லலாம்.

வீட்டில் நான் ஒருத்திதான் விசுவாசி. கணவரும் மாமியாரும் அம்மன் கோவிலுக்குப் போகிறவர்கள். என் ஜீவியத்தை எப்படிக் காத்துக்கொள்வது?

அம்மா, சண்டையில்லாமல் காத்துக்கொள்ள முடியும். போதனையின்றி, உங்கள் நடக்கையினாலே கணவரை ஆதாயப்படுத்தலாம் என்று பேதுரு இப்படிப்பட்ட பெண்களுக்கே எழுதினார். ஆடி மாதம் மாமியார் கூழ் ஊற்றும் நாளில் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டு உட்காருவதில் சாட்சி எதுவும் இல்லை. படைத்ததை உண்ணலாமா என்ற கேள்வியில் மனசாட்சி எதைச் சொல்கிறதோ அதன்படி செய்து, மறுப்பதானாலும் மரியாதையோடு மறுக்கலாம். பவுல் 1 கொரிந்தியர் 8 முதல் 10 வரை இதைத்தான் பொறுமையாக விளக்குகிறார். மாமியாருக்குக் கால் வலித்தால் தைலம் தேய்த்துவிடுங்கள். ஜெபத்துக்கு அனுமதி வாங்க நேரம் பார்த்துக் கணவரிடம் பேசுங்கள். வேலையை அப்படியே போட்டுவிட்டுக் கூட்டத்துக்கு ஓடாதீர்கள்.

என் ஜீவியம் ஆரோக்கியமாக இருக்கிறதா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

உங்களை நீங்களே கேட்டால் சரியான விடை வராது. வீட்டில் உள்ளவர்களைக் கேளுங்கள். இந்த வருஷத்தில் அப்பாவின் கோபம் குறைந்திருக்கிறதா என்று பத்து வயதுப் பிள்ளையைக் கேட்டால், எந்தப் போதகரும் சொல்லாத உண்மையை அது சொல்லும். கலாத்தியர் 5-இல் ஆவியின் கனி என்று வரும் அன்பு, சந்தோஷம், சமாதானம், நீடிய பொறுமை முதலிய ஒன்பதும் பக்கத்தில் இன்னொரு மனிதன் இருந்தால்தான் வெளியே தெரியும். எத்தனை மணி நேரம் ஜெபித்தோம் என்பது அந்தப் பட்டியலில் இல்லை.

பல வருஷம் எல்லாவற்றையும் விட்டுவிட்டேன். எங்கிருந்து தொடங்குவது? வெட்கமாக இருக்கிறது.

பேதுருவும் வெட்கப்படவேண்டிய நிலையில்தான் இருந்தார். மூன்று முறை மறுதலித்துவிட்டு, பழைய தொழிலுக்கே திரும்பி, இராமுழுவதும் வலை வீசி ஒன்றும் அகப்படாமல் கரைக்கு வந்தார். அங்கே கரிநெருப்பும், அதன்மேல் மீனும், அப்பமும் இருந்தன. இத்தனை நாள் எங்கே போயிருந்தாய் என்று இயேசு கேட்கவில்லை. "வாருங்கள், போஜனம்பண்ணுங்கள்" என்றார். பேசவேண்டியதைச் சாப்பாட்டுக்குப் பின் பேசினார். இரவெல்லாம் கடலில் கிடந்து வெறும் வலையோடு கரை ஏறியவனுக்கு முதலில் எது வேண்டும் என்பது காசிமேட்டில் யாருக்கும் சொல்லித் தெரியவேண்டியதில்லை.

விட்டுப்போன வருஷங்களுக்குக் கணக்கு எழுதவேண்டாம். திங்கட்கிழமை முதல் என்று நாள் குறிக்கவும் வேண்டாம். இன்றிரவு சாப்பிட்டு முடித்தபின் மாற்கு முதல் அதிகாரத்தை எடுத்து, பக்கத்தில் யார் இருக்கிறாரோ அவருக்குக் கேட்கும்படி வாசியுங்கள். நாற்பத்தைந்து வசனங்கள், பத்து நிமிடத்துக்குமேல் ஆகாது.